சேரம்பாடியில் நின்று எண்ணினால்

சேரம்பாடிக்காரர் ஒருவருக்குக் கலெக்டர் ஆபீஸில் ஒரு காரியம் இருந்தால் அன்றைய நாள் அதற்கே போய்விடும். விடிகாலைப் பஸ்ஸைப் பிடித்து, பந்தலூர், தேவாலா, நாடுகாணி தாண்டிக் கூடலூர் போக வேண்டும். அங்கிருந்து நடுவட்டம், பைக்காரா வழியாக மலையேறி ஊட்டி. மொத்தம் எண்பது கிலோமீட்டருக்கு மேல். மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது இருட்டிவிடும். அதே ஆள் கல்யாணத்துக்குத் துணி எடுக்கவோ, பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கவோ கிளம்பினால் சுல்தான் பத்தேரிக்குப் போகிறார். அது கேரளம், தூரம் இதில் பாதிகூட இல்லை. மாவட்டத் தலைநகரைவிட அடுத்த மாநிலம் பக்கமாக இருக்கும் ஊர் இது. நீலகிரி மாவட்டத்தின் நிலத்தையும் மக்களையும் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஊட்டியிலிருந்து தொடங்குவார்கள். நான் இந்த மூலையிலிருந்து தொடங்குகிறேன். ஊட்டியிலிருந்து பார்க்கும்போது சரியாகத் தெரிகிற பல எண்கள் இங்கே வந்ததும் கோணலாகத் தெரிகின்றன.

முதலில் நிலம். நீலகிரி என்றதும் நம் மனசில் வரும் படம் ஸ்வெட்டரும் கேரட்டும் சோலைக்காடும். அது மேட்டுப் பகுதி. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; தொட்டபெட்டா 2,637. சேரம்பாடி, பந்தலூர், கூடலூர் எல்லாம் ஆயிரம் மீட்டரை ஒட்டிய இன்னொரு தளம். மேட்டிலிருந்து மேற்கே சரிந்து இறங்கினால் வரும் படிக்கட்டு என்று சொல்லலாம். இந்தப் படி அப்படியே மேற்கே நீண்டு வயநாடாகிறது. மண், மழை, செடி எல்லாம் வயநாட்டினுடையவைதான். தேயிலைக்கு நடுவே காப்பி, மிளகு, பாக்கு, இஞ்சி. பள்ளத்தில் சதுப்பு வயல், அதில் நெல். மேட்டில் பாக்கு மரம் வளராது, இங்கே உருளைக்கிழங்குக்கு மதிப்பில்லை.

மழையும் வேறு. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று ஏறி வரும்போது முதலில் மோதுவது இந்தச் சரிவில். தமிழ்நாட்டின் மற்ற பகுதிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போது, மாநிலத்தின் அன்றாட மழைப் பட்டியலில் தேவாலா முதலிடத்தில் நிற்பது வாடிக்கை. மேட்டின் மேற்கு விளிம்பில் இருக்கும் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று பதிவான ஒரு நாள் மழை 82 சென்டிமீட்டர். சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைப்பதில் பாதிக்கும் மேல் அது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டு மேப்பாடிப் பக்கம் முண்டக்கை, சூரல்மலையை மண்சரிவு அடித்துக்கொண்டு போனதே, அந்த ஊர்களும் இந்தச் சரிவின் தொடர்ச்சியில்தான் இருக்கின்றன. கேரள எல்லையிலிருக்கும் சோலாடி சோதனைச் சாவடியைத் தாண்டிய பிறகு மலை ஒன்றும் வேறு மலையாகிவிடுவதில்லை.

தண்ணீரும் ஒரே தாலுகாவுக்குள் திசை பிரிகிறது. பாண்டியாறு புன்னம்புழையாகிச் சாலியாற்றில் கலந்து பேப்பூர் அருகே அரபிக்கடலைத் தொடுகிறது. வடக்குப் பக்கத்து ஓடைகள் நூல்புழை வழியாகக் கபினிக்குப் போய்க் காவிரியாக வங்கக் கடலுக்கு நடக்கின்றன. எருமாட்டில் பெய்யும் மழை தஞ்சாவூரில் நெல்லாகலாம்; தேவாலாவில் பெய்வதற்கு அந்த வாய்ப்பு இல்லை. பாண்டியாற்றைக் கிழக்கே ஓடும் மோயாற்றுக்குத் திருப்ப வேண்டும் என்று கொங்கு விவசாயிகள் பல்லாண்டாகக் கேட்டுக்கொண்டிருப்பது இதனால்தான்.

ஊர்ப் பெயர்களே இந்த நிலத்தைச் சொல்லிவிடும். பாட்டவயல், அய்யன்கொல்லி, பிதர்காடு, அம்பலமூலா, கையுன்னி, தாளூர். வயலும் காடும் மூலையும் கொல்லியுமாகப் பெயர் வைத்தவர்கள் தேயிலைக்கு வெகுகாலம் முன்பே இங்கே இருந்தவர்கள். மேட்டில் பெயர்கள் ‘ஹட்டி’ என்று முடியும். அது படகர்களின் உலகம். இரண்டும் ஒரு மாவட்டமானது எப்படி என்பது தனிக் கதை.

நீலகிரி 1868இல் தனி மாவட்டமாக ஆனபோது இந்தப் பகுதி அதில் இல்லை, மலபாரோடு இருந்தது. 1877இல்தான் நம்பாலக்கோடு, முனநாடு, சேரங்கோடு என்ற மூன்று அம்சங்களும் (அம்சம் என்பது மலபாரின் வருவாய்ப் பிரிவு) மலபாரிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டன. இன்று சேரம்பாடியை உள்ளடக்கிய ஊராட்சிக்குச் சேரங்கோடு என்றுதான் பெயர். மலபார் கணக்குப்பிள்ளை எழுதிய பெயர் அப்படியே நின்றுவிட்டது. அன்றைய கோப்புகள் இதைத் தென்கிழக்கு வயநாடு என்றே குறித்தன. மாற்றியதற்குக் காரணம் நிர்வாக வசதி. காப்பித் தோட்டத் துரைமார்களுக்கு கோழிக்கோட்டைவிட ஊட்டி வசதியாக இருந்தது. அன்றைக்கு அவர்களுக்கு வசதியான ஊட்டி இன்று சேரம்பாடிக்காரருக்கு ஒரு நாள் கூலியைத் தின்கிறது.

சேர்த்த இரண்டே வருஷத்தில் தங்கப் பைத்தியம் பிடித்தது. 1879 தொடங்கித் தேவாலாவையும் பந்தலூரையும் சுற்றி நாற்பதளவு கம்பெனிகள் லண்டனிலும் இந்தியாவிலும் பங்கு விற்றுப் பணம் திரட்டின. ஆஸ்திரேலியாவிலிருந்து பிரோ ஸ்மித் என்ற நிபுணரை வரவழைத்து அறிக்கை வாங்கினார்கள். பந்தலூரில் குதிரைப் பந்தயம்கூட நடந்ததாகச் சொல்வார்கள். ஓரிரு வருஷத்தில் எல்லாம் முடிந்தது. தங்கம் கிடைத்தது, கூலிக்குக் கட்டவில்லை. இந்தக் கதையைச் சுவாரஸ்யத்துக்காக எல்லாரும் எழுதுகிறார்கள். மக்கள்தொகைக் கணக்கில் அது விட்டுப்போனது குறைவுதான். காப்பியை இலைத்துரு நோய் தின்றதும், அந்த இடத்துக்குத் தேயிலை வந்ததும் விட்டுப்போனவைதான் அதிகம்.

இனி மக்கள். இங்கே அடுக்கடுக்காக வந்து சேர்ந்தார்கள் என்று சொல்வது எளிது. ஒவ்வொரு அடுக்கும் எந்த நிலத்தில், எந்த உரிமையில் உட்கார்ந்தது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

அடியில் இருப்பவர்கள் பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர், பெட்டக்குறும்பர். தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கியவர்களாக அரசு தனியே பட்டியலிட்டிருக்கும் ஆறு பழங்குடிகளான தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய அத்தனை பேரும் இந்த ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள். பணியர் வயல் வேலைக்காரர்கள். அவர்களுடைய பெயரே பணி என்ற சொல்லிலிருந்து வந்தது. வேறு ஒருவருடைய பணி என்பதுதான் அதற்குள் மறைந்திருப்பது. மானந்தவாடிக்கு அருகில் வள்ளியூர்க்காவு திருவிழாவில் வருஷா வருஷம் ஜென்மிகள் என்ற பரம்பரை நிலவுடைமையாளர்கள் பணியக் குடும்பங்களை அடுத்த ஆண்டு வேலைக்குப் பேசி எடுத்துக்கொண்ட வழக்கம் இருந்தது. வயலுக்கு உரிமைக்காரர்களாக இருந்தவர்கள் வயநாடன் செட்டிகளும் மண்டாடன் செட்டிகளும். இப்போதும் நம்பாலக்கோட்டை வேட்டைக்கொருமகன் கோயிலில் புத்தரி நாளில் முதல் கதிரை வைத்துப் படைக்கும்போது செட்டிகளும் பழங்குடிகளும் தத்தம் முறையோடு வந்து நிற்கிறார்கள். வயல்கள் பல இடங்களில் வாழையும் பாக்குமாக மாறிவிட்டன, புத்தரி மாறவில்லை.

எல்லா நிலத்துக்கும் மேலே ஜென்மி. கூடலூர்ப் பக்கம் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகத்துத் திருமுல்பாட்டின் ஜென்மம். நெல்லியாளத்தில் நெல்லியாளம் அரசு என்ற சிறு குடும்பம். துரைமார் தோட்டங்கள் எல்லாம் இவர்களிடம் குத்தகைக்கு எடுத்தவை. தோட்டம் வந்ததும் மைசூர்ப் பக்கத்திலிருந்தும் தமிழ்ச் சமவெளியிலிருந்தும் கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். 1940களில் உணவுப் பஞ்சம் வந்தபோது திருவிதாங்கூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் மலபார் மலைகளுக்குக் குடியேறின. அந்த அலையின் ஒரு நாக்கு இங்கேயும் வந்து கப்பையும் மிளகும் நட்டது. மலப்புறத்து மாப்பிளமார் வியாபாரத்தோடு ஏறினார்கள். 1956இல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது வயநாடு கேரளத்துக்குப் போயிற்று. 1877இல் ஊட்டியோடு கட்டிய முடிச்சு காரணமாகத் தென்கிழக்கு மூலை மட்டும் மதராஸில் நின்றது.

இவர்களுக்குப் பிறகு வந்தவர்கள்தான் சேரம்பாடியின் இன்றைய முகத்தைச் செய்தவர்கள். 1964 அக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டிருந்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, மூன்று லட்சம் பேரை இலங்கை குடிமக்களாக ஏற்பது என்று முடிவானது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். கையில் ஒரு குடும்ப அட்டை. வீட்டில் யார் யார், என்ன வயசு, எங்கே வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதிய அந்த அட்டையை இன்னும் பெட்டிக்குள் பாலிதீன் கவர் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் சேரம்பாடியிலும் கொளப்பள்ளியிலும் உண்டு. மடிப்பு விட்டுப் பிரிந்த இடத்தில் செலோடேப் ஒட்டியிருக்கும். சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் பேரனுடைய காலேஜ் அட்மிஷனுக்கும் அதையே எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

அரசாங்கச் சொல் ‘தாயகம் திரும்பியோர்’. நுவரெலியாவில் பிறந்தவருக்கு நீலகிரி எப்படித் தாயகமாகும் என்று யாரும் கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் சிலோன்காரர் என்றார்கள், இன்னும் சொல்கிறார்கள். அவர்களுக்காகவே வனத்துறை 1968இல் தேயிலை நடத் தொடங்கியது; 1976இல் அது டேன்டீ என்ற அரசுக் கழகமானது. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், பாண்டியாறு என்று டேன்டீயின் பிரிவுகள் இந்தச் சரிவு முழுக்க விரிந்தன. லைன் வீடு, பெரட்டு, கங்காணி, கவ்வாத்து, கொழுந்து: ஹட்டனில் பேசிய அதே சொற்கள் அப்படியே இறங்கி வேலை செய்தன. மாவட்டத்தின் எண்கள் இதைக் காட்டுகின்றன. 1971இல் மக்கள்தொகை 4.94 லட்சம், 1981இல் 6.30 லட்சம். பத்து வருஷத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடிய வளர்ச்சியைப் பிறப்பு விகிதத்தால் விளக்க முடியாது. 2011இல் மாவட்டத்தின் பட்டியல் சாதியினர் 32 சதவீதம் (மாநிலச் சராசரி 20) என்பதிலும், கூடலூர்ச் சட்டமன்றத் தொகுதியும் நீலகிரி மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதிகளாக இருப்பதிலும் அந்தக் கப்பல்களின் சுவடு இருக்கிறது.

டேன்டீயில் வேலை கிடைத்தவர்கள் ஒரு பகுதிதான். சமவெளியில் வியாபாரக் கடனோடு இறக்கிவிடப்பட்டவர்கள் பலர். கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாதவருக்கு மதுரைப் பக்கம் பெட்டிக்கடை வைக்கத் தெரியுமா? கடன் கரைந்ததும், தேயிலை இருக்கும் மலையைத் தேடி அவர்களாகவே வந்தார்கள். காட்டோரத்தில், ஜென்மிகளின் தரிசில் குடிசை போட்டார்கள். இங்கேதான் நிலத்தின் கதையும் மக்களின் கதையும் ஒன்றாக முடிச்சு விழுகிறது.

1969இல் கூடலூர் ஜென்மம் நிலங்கள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சுமார் 80,000 ஏக்கர். ஜென்மியின் உரிமையை எடுத்து, அனுபவிப்பவருக்கு ரயத்துவாரிப் பட்டா கொடுப்பது நோக்கம். தோட்டக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு, காடுகள் பற்றிய பகுதியை மட்டும் தள்ளியது. பிறகு 34ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் மொத்தச் சட்டத்தையும் கோர்ட் தொட முடியாதபடி ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்துப் பூட்டினார்கள். 1974 நவம்பரில் சட்டம் அமலுக்கு வந்தது. அந்தப் பூட்டைத் திறக்கக் கேட்டுப் போன வழக்குதான் ஐ.ஆர். கோயலோ எதிர் தமிழ்நாடு அரசு. 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் வைத்த எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம். டெல்லியில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் மனப்பாடம் செய்கிற வழக்கு இந்தச் சரிவிலிருந்து போனது என்பது சரிவில் இருப்பவர்களுக்கே அதிகம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ‘செக்‌ஷன் பதினேழு’. குத்தகைத் தோட்டங்கள் அடங்கிய, இன்றுவரை முழுசாகத் தீராத ஏறக்குறைய 35,000 ஏக்கருக்கு அந்தப் பிரிவின் எண்ணே பெயராகிவிட்டது. அங்கே வீடு கட்டியவருக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் கரண்ட் இழுப்பது பெரும்பாடு. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதிப் பட்டியலில் கரண்ட் வருகிறது.

ஆக, ஒரே மழையில் நனையும் ஒரே சரிவில் நாலு வகை நிலம்: காடு, டேன்டீ, பட்டா, பதினேழு. ஒருவர் யார் என்பதைவிட அவர் வீடு எந்த வகை நிலத்தில் நிற்கிறது என்பதே அவர் வாழ்வைத் தீர்மானிக்கிறது. இதை எந்த மக்கள்தொகை அட்டவணையும் கேட்பதில்லை.

அட்டவணை கேட்பது வேறு. கிராமமா, நகரமா? 2011 கணக்குப்படி நீலகிரியில் 59 சதவீதம் பேர் நகரவாசிகள். தமிழ்நாட்டுச் சராசரியைவிட அதிகம்! காரணம் எளிது. நகராட்சி, பேரூராட்சி என்று அரசு பெயர் வைத்த எல்லைக்குள் இருந்தால் கணக்கெடுப்பு அதை நகரம் என்றே எடுத்துக்கொள்ளும். நெல்லியாளம் நகராட்சி, தேவர்சோலை பேரூராட்சி, ஓவேலி பேரூராட்சி. நெல்லியாளம் நகராட்சிக்குள் மணிக்கணக்காக நடந்தாலும் தேயிலையும் சதுப்பும் ஆனைச்சாணமும்தான். பக்கத்துச் சேரங்கோடு ஊராட்சி. அங்கே இருப்பவர் கிராமவாசி. இரண்டு பேரும் ஒரே லாரியில் கொழுந்து போடுகிறவர்கள்.

தொழில் கேள்வியும் அப்படித்தான். கொழுந்து பறிக்கும் பெண்ணை விவசாயக் கூலி என்று எழுதுவதில்லை. கணக்கெடுப்பின் விளக்கப்படி தோட்டத் தொழிலாளி ‘இதரத் தொழிலாளர்’. வாத்தியாரும் தாசில்தாரும் இருக்கும் அதே கட்டம். சாரலில் இடுப்பில் படங்கு கட்டி நிற்கிறவளையும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரையும் ஒரே பெட்டியில் போட்ட புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு ‘நீலகிரியில் விவசாயத்தைச் சார்ந்தோர் குறைவு’ என்று எழுதிய கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். சிரிப்புத்தான் வரும்.

மொழி இன்னும் சிக்கல். சேரம்பாடிப் பக்கத்தில் ஒரு மத்தியானம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நின்றிருந்தேன். கத்திரியால் வெட்டிய கொழுந்தைச் சாக்கில் திணித்துத் தராசுக் கொக்கியில் மாட்டுகிறார்கள். ஈரத்துக்கு இத்தனை கிலோ கழிவு என்று கணக்குப்பிள்ளை தமிழில் சொல்ல, ‘இன்னைக்கு மழையே இல்லியே, எதுக்குக் கழிக்கிறீங்க?’ என்று ஒரு பெண் சிலோன் இழுவையில் சண்டை பிடித்தார். லாரிக்காரர் மலையாளத்தில் நேரமாயிற்று என்றார். ஓரமாக நின்ற இரண்டு பணியப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது எனக்குப் பாதிதான் புரிந்தது. வயசானவர் காதில் தாழையோலைச் சுருளில் குன்றிமணி பதித்த பழைய தோடு. ஜார்க்கண்டிலிருந்து வந்த பையன் ஒருவன் யாரோடும் பேசாமல் சாக்குகளை லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். பத்தடிக்குள் நாலைந்து மொழி. தராசு எண்ணை மட்டும் எல்லாரும் தமிழில் சொன்னார்கள்.

கணக்கெடுப்பில் இது என்னவாகிறது என்று பாருங்கள். தாய்மொழிகளைத் திரட்டிப் பெருமொழிகளின் கீழ் அடுக்குவது அவர்கள் முறை. பணிய மொழி மலையாளத்தின் கீழ் போகிறது. குறும்ப மொழி கன்னடத்தின் கீழ். இருளர் மொழி தமிழின் கீழ். 1.33 லட்சம் பேர் தாய்மொழி என்று பதிந்த படகு மொழியும் கன்னடத்துக்குள்தான். பத்தாயிரத்துக்குக் குறைவானவர் பேசினால் ‘மற்றவை’. காட்டில் அக்கம்பக்கமாக இருக்கும் மூன்று பழங்குடிகள் மூன்று மாநிலங்களின் மொழிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். இது வெறும் வகைப்பாடு, அரசியல் இல்லை என்பவர்கள் பஞ்சாபை நினைத்துக்கொள்ளலாம். 1951, 1961 கணக்கெடுப்புகளில் வீட்டில் பஞ்சாபி பேசிய ஏராளமான இந்துக்கள் தாய்மொழி ஹிந்தி என்று பதிந்தார்கள். 1966இல் மாநிலத்தைப் பிரித்தபோது அந்தப் பதிவுகள் எல்லைக்கோடு வரை பேசின. நம் மலையில் கோடு ஏற்கெனவே போட்டாயிற்று. அதனால்தான் யாரும் சத்தம் போடவில்லை.

அந்தக் கோட்டை மதிக்காத ஒரு வகுப்பு உண்டு. பந்தலூர்ப் பக்கம் வீடுகளை இடித்து அரிசி தின்ற கொம்பில்லாத ஆண் யானை, ஊர்க்காரர்கள் வாயில் அரிசி ராஜா, வனத்துறை ஏட்டில் பிஎம் 2. 2022 டிசம்பரில் தமிழ்நாடு அதைப் பிடித்து முதுமலைக் காட்டில் விட்டது. அது நேரே நடந்து சுல்தான் பத்தேரி டவுனுக்குப் போயிற்று; 2023 ஜனவரியில் கேரளம் பிடித்தது. ஊட்டிக்குப் போகாமல் பத்தேரிக்குப் போனதில் அதுவும் இந்த ஊர்க்காரர்தான். யானை பகடிக்குரிய விஷயம் இல்லை என்பது தெரியும்; விடியுமுன் பால் கொண்டுபோகிறவரும் இருட்டில் லைன் வீட்டுக்குத் திரும்புகிறவரும் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாலு வகை நிலமாகத் துண்டு போட்ட சரிவில் யானைக்குத் தொடர்ந்து நடக்க வழியில்லை என்பதும் அதே நிலக் கதையின் பகுதி.

கடைசியாக, குறைந்துபோன எண்ணிக்கை. 2001இல் 7,62,141 பேர், 2011இல் 7,35,394. அந்தப் பத்து வருஷத்தில் தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்துபோன ஒரே மாவட்டம் நீலகிரிதான். ஆயிரம் ஆண்களுக்கு 1,042 பெண்கள் என்ற கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போனவர்கள் யார் என்று ஓரளவு தெரியும். 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. சிறு விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். தோட்டங்கள் ஆள் எடுப்பதை நிறுத்தின. திருப்பூர் பனியன் கம்பெனிகளும் கோயம்புத்தூர்ப் பட்டறைகளும் இளைஞர்களை இழுத்தன. சிலோனிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னொரு முறை இடம் பெயர்ந்தார்கள். இந்த முறை கப்பலும் இல்லை, அட்டையும் இல்லை. 2022இல் டேன்டீயே 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவானது. ஓய்வுபெற்றவர்கள் லைன் வீட்டைக் காலி செய்யும் பேச்சு எழுந்தபோது, மலைச்சரிவில் எழுபது வயசில் ‘எங்கே போவது’ என்ற பழைய கேள்வி மறுபடி வந்தது.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்தது 2027இல், தலை எண்ணும் வேலை வழக்கம்போலப் பிப்ரவரியில். ஊட்டிக்கு அது குளிர் குறைகிற, எல்லாரும் வீட்டில் இருக்கிற மாதம். இந்தச் சரிவில் பிப்ரவரி என்றால் காப்பியும் மிளகும் பறிக்கும் காலம். பணியக் குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வயநாட்டுக்கும் குடகுக்கும் போய்த் தோட்டத்திலேயே தங்கிவிடுவார்கள். எண்ணும் நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவரை இருக்கும் இடத்தில் எழுதிக்கொள்வது விதி. சேரங்கோட்டின் பணியர் சிலர் இம்முறையும் மடிக்கேரிக் கணக்கில் கன்னட மாநிலத்தவராக விழுவார்கள். எண்ண வருகிறவர் பூட்டிய கதவில் சாக்குக்கட்டியால் ஒரு எண்ணை எழுதிவிட்டு அடுத்த பாடிக்கு நடப்பார்.